முதன்முறையாக இயங்குதளம் நிறுவுவோருக்கு: கணினிக் கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டதிலிருந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் பலரும் ஏறத்தாழ ஒரே செய்தியைக் கேட்டு எழுதுகிறார்கள்: அடுத்து எந்த இயங்குதளத்தைப் போடுவது, அதைக் கடைக்குப் போகாமல் நாமே போட்டுக்கொள்ள முடியுமா? இந்த இதழின் பகுதி முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: ஐயா, வணக்கம். பிளஸ் டூ முடித்தபோது அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறேன். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10 திறப்பதற்கே வெகுநேரம் ஆகிறது. சர்வீஸ் கடையில் விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். என் தோழி லினக்ஸ் போடச் சொல்கிறாள். நானாக எந்த இயங்குதளத்தையும் இதுவரை நிறுவியதில்லை. புதிதாகக் கற்பவருக்கு எது எளிது?
— கல்லூரி மாணவி, பாலக்கோடு

பதில்: கடையில் வாங்கும் புதிய மடிக்கணினியில் விண்டோஸைத் தயாரிப்பாளரே நிறுவி, வைஃபை, ஒலி, டச்பேட் ஆகியவற்றை இயங்கச் செய்யும் டிரைவர்கள் என்னும் சிறு நிரல்களையும் ஏற்றி அனுப்பிவிடுகிறார். நாம் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. விண்டோஸ் எளிது, லினக்ஸ் கடினம் என்ற எண்ணம் பரவலாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். இரண்டையும் வெற்று டிஸ்க்கில் தொடங்கி நிறுவிப் பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரிவதில்லை; பழைய மடிக்கணினிகளில் லினக்ஸே முதலில் வேலைக்குத் தயாராகிவிடுவதும் உண்டு. ஆகவே எந்த இயங்குதளம் எளிது என்று கேட்பதைவிட, என் கையில் இருக்கும் இந்தக் கணினிக்கு எது எளிது என்று கேட்பதே பயன் தரும்.

உங்கள் கணினிக்கு விண்டோஸ் 11 பொருந்தாது என்றே கருதுகிறேன். அதற்கு 4 ஜிபி ராமும் 64 ஜிபி சேமிப்பிடமும் போதும் என்று அறிவித்திருந்தாலும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், சரிபார்க்கப்பட்ட இயங்குதளத்தை மட்டும் துவங்க விடும் செக்யூர் பூட் வசதியும், மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுள்ள பட்டியலில் இடம்பெற்ற பிராசசரும் கட்டாயம். 2018-க்கு முன் வந்த பிராசசர்களில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. இந்தச் சோதனைகளைத் தாண்டிச் செல்லும் குறுக்கு வழிகள் இருக்கின்றன. கடைக்காரர் சொல்வது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. உரிமம் இல்லாத விண்டோஸை "ஆக்டிவேட்டர்" கொண்டு இயக்கித் தருவதாகச் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். அந்த நிரலை ஓட்டுவதற்கு முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில், யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலுக்கு முழு அதிகாரத்தையும் கொடுப்பதற்கு அது சமம்.

எனவே உங்களுக்கு நான் சொல்வது, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸின் வகைகளுள் ஒன்றான லினக்ஸ் மின்ட். அதிலும் பளு குறைந்த திரை அமைப்பைக் கொண்ட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ராம் வேண்டும், 4 ஜிபி இருந்தால் நல்லது. 2024-இல் வெளிவந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. ஸ்டார்ட் மெனு, கீழ்ப்பட்டை, கோப்புறைகள் எல்லாம் விண்டோஸில் பழகிய கைக்கு உடனே பிடிபடும். லிப்ரே ஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவை உடன் வருவதால், நிறுவி முடித்த அன்றே புராஜெக்ட் அறிக்கையைத் தட்டச்சு செய்யத் தொடங்கலாம். இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவும் நல்லதுதான். ஆனால் அதை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு ஏறத்தாழ 6 ஜிபி; மின்ட் அதில் பாதி அளவு. மொபைல் டேட்டாவில் தரவிறக்குவோருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. மேலும், உபுண்டுவின் திரை அமைப்பு உங்கள் 4 ஜிபி கணினிக்குச் சற்றுப் பளுவானது.

இனி நிறுவும் முறை. ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்கியபின் அதைப் பென்டிரைவில் காப்பி செய்து ஒட்டினால் கணினி அதிலிருந்து துவங்காது. முதன்முறை முயல்வோரில் பலர் தடுமாறும் இடம் இதுதான். பலேனா எட்சர் அல்லது ரூஃபஸ் என்னும் சிறு மென்பொருளைக் கொண்டு அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எழுத வேண்டும். எழுதும்போது பென்டிரைவில் இருந்தவை அழிந்துவிடும் என்பதால் 8 ஜிபி கொள்ளளவில் ஒன்றைத் தனியே ஒதுக்கிவைப்பது நல்லது. பிறகு கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, இயக்கிய கணமே, எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையை விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். லெனோவோ, டெல் கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பி கணினிகளில் எஃப்9. ஏசர் கணினிகளில் எஃப்12 வேலை செய்யாவிட்டால், எஃப்2 அழுத்தி, கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸுக்குள் சென்று "எஃப்12 பூட் மெனு" என்ற வரியை இயங்கும்படி மாற்ற வேண்டியிருக்கும்.

பென்டிரைவிலிருந்து மின்ட் திறந்ததும் உடனே நிறுவத் தொடங்கிவிடாதீர்கள். அந்த நிலையில் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் எதுவும் மாறியிருக்காது. மின்ட் பென்டிரைவையும் ராமையும் கொண்டுதான் ஓடிக்கொண்டிருக்கும். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் திரை உயிர் பெறுகிறதா என்று பொறுமையாகச் சோதித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் இத்தகைய வெள்ளோட்டத்துக்கு வழியில்லை. புதியவருக்கு லினக்ஸ் தரும் மிகப் பெரிய பாதுகாப்பாக இதைத்தான் நான் கருதுகிறேன். வைஃபை வரவில்லை என்றாலும் அஞ்ச வேண்டாம். கைபேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, அதில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் இணையம் கிடைத்துவிடும். அதன் வழியாக மின்ட்டின் டிரைவர் மேனேஜர் தேவையான டிரைவரை எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தால் முகப்பில் உள்ள நிறுவும் படத்தை அழுத்துங்கள். மொழி, கீபோர்டு, பாடலும் வீடியோவும் ஓட உதவும் மல்டிமீடியா கோடெக் என்று கேட்டுக்கொண்டே வந்து ஒரு திரையில் நிற்கும்: டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு நிறுவவா, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவவா? திரும்பப் பெற முடியாத முடிவு இந்த ஒரு திரையில்தான் எடுக்கப்படுகிறது. முழுவதும் அழித்தால் சி டிரைவோடு டி டிரைவும் போய்விடும். "டி டிரைவில் இருப்பது பத்திரமாக இருக்கும்" என்று நம்பிக் குடும்பப் புகைப்படங்களை இழந்தவர்கள் நம் ஊர்ப் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஆகவே சான்றிதழ்களின் ஸ்கேன் பிரதிகள், புகைப்படங்கள், பாடக்குறிப்புகள் அனைத்தையும் வேறொரு பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ வைத்து, அவை திறக்கின்றனவா என்று இன்னொரு கணினியில் பார்த்த பிறகே இந்தத் திரைக்கு வாருங்கள். அதன்பின் நேர மண்டலத்துக்குக் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்து, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் மீதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கூடுதலாக ஒன்று. கொஞ்சம் பணம் செலவிட முடியுமானால் அந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றைப் போடச் சொல்லுங்கள். இயங்குதளத்தை மாற்றுவதால் கிடைக்கும் வேகத்தைவிட இதனால் கிடைக்கும் வேகம் அதிகம். பழைய டிஸ்க் அப்படியே பத்திரமாக இருப்பதால் அழிந்துவிடுமோ என்ற பயமும் இருக்காது. பழைய மடிக்கணினிகளின் பேட்டரி பெரும்பாலும் சார்ஜ் தாங்குவதில்லை என்பதால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் மட்டும் நிறுவத் தொடங்காதீர்கள்.

கேள்வி: அரசு மடிக்கணினியில் முன்பு பாஸ் லினக்ஸ் என்ற ஒன்று இருந்தது. கூகுளின் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸையும் பழைய கணினியில் போடலாம் என்கிறார்கள். இவை எப்படி?
— வாசகர், அஞ்செட்டி

பதில்: பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது, இந்திய மொழிகளுக்கு அதில் நல்ல இடம் உண்டு. நிறுவுவதும் பெரிய சிரமமன்று. ஆனால் சந்தேகம் வந்தால் கேட்டுத் தெளிவதற்கு மின்ட், உபுண்டு பயனர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். புதியவருக்கு அது முக்கியம் என்பதால் பாஸை முதல் தேர்வாக நான் சொல்வதில்லை.

குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் நிறுவுவதற்கு மிகமிக எளிது. கேட்கும் கேள்விகளே குறைவு. 4 ஜிபி ராமும் 16 ஜிபி இடமும் போதும். ஆனால் அது டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். விண்டோஸோடு சேர்ந்து இருக்காது. பிளே ஸ்டோர் செயலிகளும் அதில் கிடையா. வேலை முழுவதும் பிரவுசருக்குள், கூகுள் கணக்கின் வழியாக நடப்பது. மலைப்பகுதியில் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் உங்கள் ஊருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஐயா, நான் பெங்களூரு எஸ்.பி. சாலையில் ஒரு கடையில் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். நல்ல நிலையில் இருக்கிறது. விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவியதும் இணையத்தோடு இணைக்கச் சொல்லி, பிறகு ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி, அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலைக் கேட்கிறது. எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் அதே திரைதான் வருகிறது. வைரஸா?
— தொழிற்சாலைப் பணியாளர், ஓசூர்

பதில்: வைரஸ் அன்று. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குத் தரும் கணினிகளை மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் என்னும் சேவையில் பதிவு செய்து வைக்கின்றன. அந்தப் பதிவு கணினியின் வன்பொருள் அடையாளத்தோடு மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருப்பதால் டிஸ்க்கை எத்தனை முறை அழித்தாலும், புதிய டிஸ்க்கையே மாற்றினாலும், இணையத்தோடு இணைந்த உடன் அந்தத் திரை வந்துவிடும். கழித்துக்கட்டிய கணினிகளை விற்கும்போது அந்தப் பதிவை நீக்கிவிட வேண்டியது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. சில சமயம் அது நடப்பதில்லை. சில சமயம் அந்தக் கணினி முறைப்படி விற்கப்படாமலே கைமாறியதாகவும் இருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது, வாங்கிய ரசீதோடு கடைக்குச் சென்று, திரையைக் காட்டி, பதிவை நீக்கித் தரும்படியோ கணினியை மாற்றித் தரும்படியோ கேட்பதுதான். திரையில் பெயர் தெரியும் நிறுவனத்துக்கும் நீங்களே எழுதலாம். வரிசை எண்ணைக் கொடுத்தால் அவர்களுடைய கணினிப் பிரிவால் பதிவை நீக்கிவிட முடியும். லினக்ஸ் போட்டால் இந்தத் திரை வராது என்பது உண்மை. ஆயினும் கணினி நேர்மையான வழியில் வந்ததுதானா என்பதை உறுதி செய்துகொள்ளாமல் அந்த வழியில் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

பழைய கணினி வாங்க பெங்களூரு செல்லும் ஓசூர், சூளகிரி வாசகர்கள் அனைவருக்கும் இதைச் சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை இணைத்து, விண்டோஸின் முதல் அமைவுத் திரைகளை இறுதிவரை ஓட்டிப் பாருங்கள். இணையம் இல்லாமல் அமைத்துக் காட்டினால் இந்தச் சிக்கல் அப்போது வெளியே தெரியாது. அடுத்து, பயாஸுக்குள் சென்று பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்தக் கணினி வேண்டாம். பென்டிரைவிலிருந்து துவங்க விடாமல் பூட்டப்பட்ட கணினியில் பிற்காலத்தில் எந்த இயங்குதளத்தையும் உங்களால் மாற்ற முடியாது. மேக்புக்கில் ஆக்டிவேஷன் லாக் என்றும், நிறுவனங்களும் பள்ளிகளும் பயன்படுத்திய குரோம்புக்குகளில் என்ரோல்மென்ட் என்றும் கணினியை முந்தைய உரிமையாளரோடு பிணைக்கும் இதே போன்ற கட்டுப்பாடு வேறு பெயர்களில் இருக்கிறது.

கேள்வி: அரூரில் ஜெராக்ஸ் கடையும் அதனோடு ஆன்லைன் விண்ணப்பப் பணியும் செய்து வருகிறேன். இரண்டு கணினிகளில் விண்டோஸ் 10 இருக்கிறது. செலவில்லாமல் லினக்ஸுக்கு மாறிவிடலாமா? கேனான் எல்பிபி 2900 பிரிண்டர், கைரேகைக் கருவி, கணக்குக்கு டேலி ஆகியவை இருக்கின்றன.
— கடை உரிமையாளர், அரூர்

பதில்: வேண்டாம், ஐயா. வீட்டுக் கணினிக்கு மின்ட்டை எவ்வளவு உறுதியாகச் சொல்கிறேனோ, அவ்வளவு உறுதியாக உங்கள் கடைக்கு விண்டோஸே சரி என்று சொல்கிறேன். டேலி பிரைம் விண்டோஸுக்காகவே வெளியிடப்படுவது. கைரேகைக் கருவிகளின் டிரைவர்களும், டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கான மென்பொருள்களும் பெரும்பாலும் விண்டோஸை மனத்தில் வைத்தே தரப்படுகின்றன. எல்பிபி 2900 நம் ஊர்க் கடைகளில் ஆண்டுக்கணக்காக உழைக்கும் நல்ல பிரிண்டர். ஆனால் அது கேனானின் கேப்ட் என்னும் தனி முறையில் பேசுவது. லினக்ஸில் புதிய பிரிண்டர்கள் பலவும் டிரைவர் இல்லாமலேயே அச்சிடும் நிலை வந்துவிட்டாலும், இந்தப் பிரிண்டருக்குத் தனியே பழைய டிரைவரை ஏற்றிப் போராட வேண்டியிருக்கும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் வாசலில் வரிசை நிற்கும்போது அந்தப் போராட்டத்துக்கு உங்களுக்கு நேரம் இருக்காது.

இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விண்டோஸ் 10-இன் 22ஹெச்2 பதிப்பில் இருக்கும் தனிநபர் கணினிகளுக்கு, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்துகொள்ளும் வழி இருக்கிறது. கடைப் பயன்பாட்டுக்குத் தனிநபர் திட்டம் பொருந்துமா என்பதை அதன் நிபந்தனைகளில் படித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக்குள் ஒரு கணினியையாவது உரிமத்தோடு கூடிய விண்டோஸ் 11 கணினியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11-ஐ நீங்களே நிறுவினால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஹோம் பதிப்பின் முதல் அமைவு இணைய இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கட்டாயமாகக் கேட்கும். கடைக் கணினிக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காமல், கடைக்கென்று ஒரு கணக்கைத் தொடங்கி, அதன் பாஸ்வேர்டை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்தது கீபோர்டு. பட்டியலில் "யுனைடெட் கிங்டம்" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் @ குறியும் இரட்டை மேற்கோள் குறியும் ஒன்றின் இடத்தில் ஒன்று மாறி விழும். பாஸ்வேர்டில் @ வைத்திருப்பவர்கள், சரியாகத்தானே அடிக்கிறோம், ஏன் தவறு என்கிறது என்று குழம்பிப்போவார்கள். நம் நாட்டில் விற்கும் கீபோர்டுகளுக்கு "யுஎஸ்" அல்லது "இங்கிலீஷ் இந்தியா" என்பதே பொருந்தும்.

கேள்வி: புதிய எஸ்எஸ்டி வாங்கி, பென்டிரைவில் விண்டோஸ் 11 எழுதி, நானே நிறுவ முயன்றேன். எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்ற திரையில் ஒன்றுமே காட்டவில்லை. எஸ்எஸ்டி பழுதா? 11-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்.
— மாங்கூழ் ஆலைப் பணியாளர், காவேரிப்பட்டணம்

பதில்: பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் அது பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. 11-ஆம் தலைமுறை முதல் பல இன்டெல் மடிக்கணினிகளில் டிஸ்க், விஎம்டி என்னும் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் இணைக்கப்பட்டிருக்கிறது. அதற்கான டிரைவர் விண்டோஸ் நிறுவியில் இல்லாமல் போனால் டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து "இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ்" டிரைவரை இறக்கி, விரித்து, அந்தக் கோப்புறையை அதே பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் தேர்வுத் திரையில் "லோட் டிரைவர்" என்பதை அழுத்தி அந்தக் கோப்புறையைக் காட்டினால் எஸ்எஸ்டி தோன்றும். டிஸ்க் புதியது, விண்டோஸும் புதிது என்பதால், பயாஸில் விஎம்டியை நிறுத்திவிட்டு நிறுவினாலும் தவறில்லை. ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் மட்டும் அப்படி நிறுத்தக் கூடாது. அடுத்த முறை அது துவங்காமல் போகக்கூடும்.

கேள்வி: பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். புது மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. அதை அழிக்காமல் பக்கத்தில் உபுண்டு நிறுவ வேண்டும். சீனியர் அண்ணன் ஒருவர் செய்து பார்த்தபோது ஏதோ 48 இலக்க எண் கேட்டு விண்டோஸே திறக்கவில்லையாம். பயமாக இருக்கிறது.
— மாணவர், பர்கூர்

பதில்: தம்பி, அந்த 48 இலக்க எண், பிட்லாக்கர் என்னும் டிஸ்க் குறியாக்க வசதியின் மீட்புச் சாவி. புதிய விண்டோஸ் 11 கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்ததும், நம்மைத் தனியே கேட்காமலேயே டிஸ்க் குறியாக்கம் செய்யப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. திருடு போனாலும் தகவல் பிறர் கைக்குப் போகாது என்பதால் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பயாஸ் அமைப்பிலோ துவங்கும் முறையிலோ மாற்றம் நேர்ந்தால், உரிமையாளர்தானா என்று உறுதி செய்துகொள்ள அந்தச் சாவியைக் கேட்கும். ஆகவே முதல் வேலையாக, மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் சாதனங்கள் பகுதிக்குச் சென்று, மீட்புச் சாவியைப் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதே மடிக்கணினியில் கோப்பாகச் சேமிப்பதால் பயனில்லை. அதன்பின் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை நிறுத்தி, குறியாக்கம் முழுவதும் நீங்கும்வரை காத்திருங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், விண்டோஸ் இருக்கும் பகுதியைச் சுருக்கிப் பக்கத்தில் நிறுவ உபுண்டு நிறுவியால் இயலாது. முதலில் அதை நிறுத்திவிட்டு வரும்படி சொல்லும்.

இரண்டாவதாக, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்பதை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பாதி உறக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் உபுண்டுவிலிருந்து விண்டோஸ் பகுதியைத் திறந்தால் கோப்புகளைப் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. மூன்றாவதாக, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி, 50 முதல் 100 ஜிபி வரை வெற்றிடமாக விடுங்கள். அந்த இடத்தில் புதிய டிரைவ் எதையும் உருவாக்க வேண்டாம். விண்டோஸ் பகுதியைச் சுருக்கும் வேலையை விண்டோஸிடமே விடுவதுதான் பாதுகாப்பு.

நிறுவும்போது மூன்றாம் தரப்பு டிரைவர்களைச் சேர்க்கும்படி தேர்ந்தெடுத்தால், செக்யூர் பூட் இயங்கும் கணினியில் ஒரு தற்காலிக பாஸ்வேர்டை அமைக்கச் சொல்லலாம். என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள கணினிகளில் இதை அதிகம் காணலாம். கேட்டால், எளிய ஒன்றை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் மறுதுவக்கத்தில் நீலத்திரை ஒன்று தோன்றி, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து விநாடி எண்ணும். அது பிழைத்திரை அன்று. உடனே ஒரு விசையை அழுத்தி, "என்ரோல் மோக்", "கன்டினியூ", "யெஸ்" என்று சென்று அந்த பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். அடிக்கும்போது திரையில் எழுத்தோ புள்ளியோ தெரியாமல் போனாலும் அது பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். பார்க்காமல் விட்டுவிட்டால் கணினி வழக்கம்போல் துவங்கும், ஆனால் அந்த டிரைவர் வேலை செய்யாது. "உபுண்டுவில் கிராஃபிக்ஸ் வரவில்லை" என்று வரும் புகார்களில் சிலவற்றுக்கு இந்தப் பத்து விநாடிகளே காரணம்.

எல்லாம் முடிந்தபின் விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டக்கூடும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எழுதி வைக்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் வரும் வேறுபாடு இது. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி உபுண்டுவுக்கு ஒரே ஒரு கட்டளையில் சொல்லிவிடலாம். "லோக்கல் ஆர்டிசி" என்று தேடினால் அந்தக் கட்டளை கிடைக்கும்.

கேள்வி: ஆப்பிள் மேக்தான் எல்லாவற்றிலும் எளிது என்கிறார்களே?
— வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: அமைப்பதற்கு எளிதுதான், அம்மா. கணினியையும் இயங்குதளத்தையும் ஒரே நிறுவனம் செய்வதால் டிரைவர் தேடும் வேலையே இல்லை. மறுபடி நிறுவ வேண்டி வந்தாலும் ஆப்பிள் சில்லுள்ள மேக்கில் பவர் விசையை அழுத்திப் பிடித்தால் மீட்புத் திரை வந்து, இணையத்திலிருந்து தானே நிறுவிக்கொள்ளும். ஆனால் மேக்ஓஎஸ் ஆப்பிள் கணினிகளுக்கு மட்டுமே உரியது. உங்களிடம் இருக்கும் கணினியில் அதைப் போட முடியாது என்பதால், இது புதுக் கணினி வாங்குவோர் சிந்திக்க வேண்டிய செய்தி.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தமிழ்த் தட்டச்சுக்காகவே கணினி வைத்திருக்கிறேன். பேரன் லினக்ஸ் மின்ட் நிறுவித் தருவதாகச் சொல்கிறான். அதில் தமிழ் எழுதுவது எளிதா? பழைய வானவில் எழுத்துருக் கோப்புகள் நிறைய இருக்கின்றன.
— பென்னாகரம்

பதில்: ஐயா, தங்கள் பேரன் நிறுவித் தரட்டும், தமிழுக்கு அங்கே குறை இல்லை. விண்டோஸ் 11-இன் நிறுவும் திரைகள் தமிழில் வருவதில்லை. ஆங்கிலத்தில் நிறுவி முடித்தபின்தான் தமிழ் மொழித் தொகுப்பைச் சேர்க்க முடியும். செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் (ஒலிபெயர்ப்பு முறை) ஆகிய விசைப்பலகைகள் கிடைக்கும். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் விசையையும் சேர்த்து அழுத்தி மொழி மாறலாம். மின்ட்டில் "இன்புட் மெத்தட்" என்னும் பகுதியில் தமிழைத் தேர்ந்தெடுத்துத் தேவையான தொகுப்பை நிறுவிய பின், ஒருமுறை வெளியேறி உள்நுழைய வேண்டும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப் பொறியின் அமைப்பு ஆகிய மூன்றும் அங்கே கிடைக்கின்றன. தட்டச்சுப் பொறியில் பழகிய கை என்றால் தாங்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. விண்டோஸைவிட இங்கே ஒரு படி கூடுதல் வேலை. அதைப் பேரன் ஒருமுறை செய்துவிட்டால் போதும்.

வானவில் கோப்புகள் தனிச் சிக்கல். அவற்றில் தமிழ் எழுத்துகள், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோட்) இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து எழுதப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும், அது விண்டோஸாகவே இருந்தாலும், அவை பொருளற்ற குறிகளாகத்தான் தெரியும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியையும், தமிழுக்கென வகுத்த டேஸ்16 குறிமுறையையும் தரமாக அறிவித்த பின்னும், பழைய எழுத்துருக்களில் எழுதிக் குவிந்தவை இன்னும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஏராளமாக இருக்கின்றன. தங்கள் கட்டுரைகளும் குறிப்புகளும் இழக்கக் கூடாதவை. எனவே பழைய விண்டோஸை அழிப்பதற்கு முன்பே அவற்றை எழுத்துரு மாற்றியின் வழியாக ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியவற்றில் ஒற்றெழுத்துகளும், கொம்பு சேர்ந்த ஒகர, ஓகார, ஔகார எழுத்துகளும் சில இடங்களில் பிறழ்ந்திருக்கக்கூடும் என்பதால், மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தி முடிக்கும்வரை அந்தப் பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டு, மின்ட்டை வேறொரு எஸ்எஸ்டியில் நிறுவச் சொல்லுங்கள்.